வெள்ளை ஷூவுக்குள் இருந்த கால்

உடுப்பு வாடகைக்குக் கொடுக்கிற தொழிலில் முகம் கடைசியில்தான் வரும், முதலில் கால்.

சட்டை தொளதொளத்தால் முதுகில் நாலு ஊக்கு குத்திவிடலாம். விக் பெரிதென்றால் உள்ளே துணி வைக்கலாம். ஷூ மட்டும் யாருக்காகவும் வளைந்து கொடுக்காது. பாத்திரமோ பந்தலோ, எதையாவது வாடகைக்கு விட்டு, அது திரும்பி வரும் கோலத்தை நினைத்துக் கவலைப்படுகிற எல்லோருக்கும் என் பாடு புரியும். திண்டிவனத்தில் என் கடையில் கிருஷ்ணர் முதல் இன்ஸ்பெக்டர் வரை வரிசையாகத் தொங்குகிறார்கள். திருவிழாக் காலத்தில் கேட்டு வருவது என்னவோ ஒருவரைத்தான். காலமாகிப் பல வருடங்கள் ஆகியும் இந்தப் பக்கத்து மேடைகளில் இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் அந்தப் பழைய சினிமா நாயகர். ‘எங்க ஆளு’ என்றால் போதும்.

குடம்

அவருக்கான ஷூவை நானே சொல்லிச் செய்தேன். பளிச்சென்ற வெள்ளை, கூர்முனை, மூன்று விரல் உயரத்துக்குக் குதி. அவருடைய உயரம், நடை, நெஞ்சு நிமிர்ந்து நிற்பது எல்லாம் அந்தக் குதியில்தான் இருந்தன. பேண்ட்டைக்கூடக் குதியையும் சேர்த்து அளந்துதான் தைக்க வேண்டும்.

அதைப் போடுகிறவர் ஏழுமலை. எங்கள் பக்கத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டியில் மூட்டை தூக்குகிறார். ஆள் குள்ளம், முகம் மட்டும் அச்சாக அவர். வெறுங்காலோடு கடைக்குள் வந்து, “அண்ணே, இப்பிடி ஓரமா ஒக்காந்துக்கட்டுமா?” என்று கேட்பார். ஷூவை மாட்டியதும், “தம்பி, கண்ணாடியக் கொஞ்சம் திருப்புங்க” என்பார். அந்தத் தம்பி நான்தான். அவரைவிடப் பத்து வயது மூத்தவன்.

ஒருமுறை ஒத்திகைக்கு என்று ஷூவை வீட்டுக்கு எடுத்துப்போனார். மறுநாள் காலை அவர் மனைவி செல்வி அதைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தார்.

“இத இங்கியே வச்சிக்கங்கண்ணா. இதப் போட்டுக்கினா ஒரு கொடம் தண்ணி புடிச்சாந்து தர மாட்டன்றாரு. பாக்கறவங்களுக்கெல்லாம் கைய ஆட்டிக்கினு போறாரு.”

மூட்டை

விழுப்புரத்தில் ஒரு பழைய ரசிகர் மன்றத்துக்காரர் இருக்கிறார். மன்றம் கலைந்துவிட்டாலும் எல்லோரும் அவரைச் செயலாளர் என்றுதான் கூப்பிடுகிறோம். கோயில் விழாக்களுக்கு ஆட்டக்காரர்களை ஏற்பாடு செய்பவர் அவர். ஆடி மாதத்து மேடைகள் யாருக்கு என்பது அவர் வாயில் இருக்கிறது. இந்த வருடம் புதுச்சேரியிலிருந்து உயரமான ஒருவர் அதே வேஷத்துக்கு வந்திருந்தார். வேஷம் அவருக்குப் போய்விட்டால் ஏழுமலைக்கு வருடம் முழுக்க மண்டிதான். கிளியனூர் மேடையில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாகச் செயலாளர் சொன்னார்.

அதற்குமுன் உடுப்பைச் சோதிக்க என் கடைக்கு வந்தார். ஒரு பாட்டுக் காட்சியில் நாயகர் கூலிக்காரராக வருவார். அதற்கு ஒரு பழைய செருப்பை எடுத்து வைத்திருந்தேன். அன்று காலை நிஜமாகவே மூட்டை தூக்கிவிட்டு வந்திருந்த ஏழுமலை பக்கத்தில் நின்றிருந்தார். செயலாளர் செருப்பையும் என்னையும் பார்த்தார்.

“எங்க ஆளு மூட்ட தூக்கினாலும் பாலீஷ் போட்ட ஷூவோடதான்யா தூக்குவாரு. செருப்புப் போட்டுக்கினு தூக்கினா, அது மூட்ட தூக்கற ஆளு.”

பலகை

கிளியனூரில் மேடையை அம்மனுக்கு நேர் எதிரே போட்டிருந்தார்கள். ஏழுமலை படியில் கால் வைத்ததும் தர்மகர்த்தா குறுக்கே வந்தார். ஆத்தா எதிரில் செருப்போடு ஏறக்கூடாது என்றார்.

“செருப்பு இல்லீங்க, ஷூங்க.”

“ஷூவ என்னா, கையிலியா போடற?”

கழற்றினார். மூன்று விரல் உயரம் படிக்குக் கீழேயே நின்றுவிட்டது. பேண்ட் மேடையைப் பெருக்கியது. நான் மண்டியிட்டு மடித்து ஊக்கு குத்தினேன். முதல் வரிசையில் செயலாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாட்டு தொடங்கியதும் ஏழுமலை நுனிக்காலில் எழும்பினார். லாரியில் சாத்திய பலகைமேல் மூட்டையோடு ஏறுகிறவர்களுக்குக் குதிகால் கீழே படாது. அந்தப் பழக்கத்தில் பாட்டு முடியும்வரை அவர் இறங்கவே இல்லை. உயரம் வந்துவிட்டது, நடையும் வந்துவிட்டது. விசில் பறந்தது. இறங்கி வந்ததும் இருவரும் செயலாளரிடம் போனோம். திருவக்கரையில் புதுச்சேரிக்காரரையும் ஏற்றிப் பார்க்கப்போவதாகச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“எல்லாம் சரியாத்தான் கீது. ஆனா கால் கறுப்பா தெரியுது. எங்க ஆளுக்குக் கால் வெள்ளை.”

டப்பா

திருவக்கரையிலும் மேடை கோயில் வாசலில்தான். புதுச்சேரிக்காரர் ஷூவைக் கழற்றிவிட்டு முழுப் பாதமும் ஊன்றி நடந்து வந்தார். நல்ல உயரம். ஆனாலும் கூட்டத்தில் ஒரு பெண், “யாருடி இது, கரண்ட்டு ஆபீஸ்காரரா?” என்றாள்.

அடுத்து ஏழுமலை நுனிக்காலில் வந்தார். கணுக்காலுக்குக் கீழே பளீரென்று வெள்ளை. அந்தக் கோயில் தர்மகர்த்தா ஓடிவந்து குனிந்து தொட்டுப் பார்த்தார். விரலில் வெள்ளை ஒட்டியது. பள்ளிப் பிள்ளைகளின் கான்வாஸ் ஷூவுக்குப் பூசுகிற பாலீஷை வெறுங்காலில் பூசியிருந்தார். எந்தச் சட்டத்தில் தடுப்பது என்று தெரியாமல் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு போய்விட்டார். செயலாளருக்குக் கண் கலங்கிவிட்டது. ஆடி முழுக்க ஏழுமலைதான் என்று அங்கேயே சொன்னார்.

மறுநாள் ஏழுமலை உடுப்பைத் திருப்பிக் கொடுக்க வந்தார். வெறுங்கால்தான். நக ஓரங்களில் வெள்ளை இன்னும் போகவில்லை. கேட்காமலேயே நாற்காலியில் உட்கார்ந்தார்.

“ஷூவ இனிமே வேற யாருக்காச்சும் குடுத்துடுங்க, தம்பி. பாலீஷ் டப்பா மட்டும் எனக்குன்னு எடுத்து வைங்க.”

அந்த நாயகரின் காலுக்காக யாரோ ஒரு காலத்தில் ஷூ செய்தார்கள், அந்த ஷூவுக்காக நாங்கள் இப்போது கால் செய்துகொண்டிருக்கிறோம்.