வருடம் தேய்ந்த வைஸ்

இந்த வாரம், கண்ணால் கண்டு கையால் தடவி உறுதிசெய்ததை மட்டுமே எழுதுகிறேன். கேட்டதைக் கேட்டதென்றே குறிப்பேன். காரணம் உண்டு — ஒருவருடைய பிரஜாவுரிமை இதில் தொங்குகிறது.

இரும்பைக் கவ்விப் பிடிக்கும் பட்டறை வைஸ்களின் வயதைக் கண்டறியும் விதம்பற்றி இந்தப் பத்தியில் முன்பு எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, அக்கரப்பத்தனைப் பக்கத்துத் தேயிலை ஸ்டோரொன்றில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், இயந்திரம் பழுதுபார்க்கும் பிட்டராக இருக்கும் இராமையா ஆளனுப்பினார். தகப்பனார் காலந்தொட்டு இந்நாட்டில் குடியிருப்பதற்கு, பிரஜாவுரிமை ஆபீஸில் அவரிடம் ஆதாரம் கேட்டிருக்கிறார்கள். தோட்டத்துப் பழைய பதிவுகளில் தகப்பனாரின் பெயர் இல்லை. ஆனால், ஸ்டோர் வைஸில் இருக்கிறதாம். அது வந்திறங்கிய ஆண்டையும் தம் பெயரையும் தகப்பனாரே உளியால் வெட்டிவைத்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். வார்ப்பிரும்பு உடல், சதுரப் புரியுள்ள திருகு, தாடைகள் ஒருமுறையேனும் மாற்றப்பட்டவை. பழையதுதான். எவ்வளவு பழையது? செய்த கம்பெனியின் பெயரோ பேட்டன்ட் இலக்கமோ இருந்தால் காலத்தை நெருங்கலாம். அவையும் தகப்பனார் வெட்டிய எழுத்தும் இருக்கவேண்டிய பக்கம்... கண்ணாடிபோல் மின்னியது.

ஆயுத பூஜை. ஆண்டுதோறும் சந்தனப் பொட்டு வைக்குமுன், அரம் போட்டு, எமரித் தாளால் அதை மெருகேற்றியவர் இராமையாவேதான்.

ஸ்டோர் எஞ்சினை ஓட்டும் டிரைவர் முனியாண்டி எட்டிப் பார்த்தார். "அம்புட்டு பக்தி ஆகாதுண்ணே. இப்ப உங்க மூஞ்சி மட்டுந்தான் தெரியுது."

சொன்னவரே சிரிக்கவில்லை.

கரித்தூளைத் தடவினேன், விளக்கைச் சாய்த்துப் பார்த்தேன். ஒரு கீறல்கூடத் துலங்கவில்லை.

"ஐயா ஏதாச்சும் ஒரு வருசத்தப் போட்டு எழுதிக் குடுத்தா, ஆபீஸ்ல நம்புவாங்க" என்றார் இராமையா.

போடலாமா? பேனா எழுந்தது. ஆனால், விசாரணையில் பொய்யென்று வெளிப்பட்டால் அவர் சொல்லும் மெய்யையும் எவர் நம்புவார்? கண்டதை மட்டும் எழுதிக் கொடுத்தேன். இருமுறை படித்தார்.

"இதுல வருசம் இல்லீங்களே, ஐயா."

இரும்பின் வயதை அறிய எத்தனையோ அடையாளங்கள் வைத்திருக்கிறோம். அதன் முன்னே ஆயுளெல்லாம் நின்ற மனிதனுக்கு...?

வைஸ் வந்த ஆண்டு தெரியாது. எழுத்து இருந்ததற்கு இராமையாவின் சொல்லன்றி வேறு சாட்சி இல்லை. ஸ்டோருக்குக் கூப்பிடு தூரத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் குடியிருக்கும் அவர் எந்நாட்டவர் என்பது — சர்க்காருக்கு இன்னும் தெரியாது.