சுவரைப் பார்த்துச் சுழலும் ஃபேன்

என் கடையில் ஒரு மேஜை ஃபேன் உண்டு. கழுத்து இறுகிப்போய், சுவரைப் பார்த்தே சுழலும். வருகிறவர்களுக்கும் காற்றில்லை, எனக்கும் இல்லை. அதை அப்படித் திருப்பி வைத்தவள் என் பெரியம்மாவின் மகள்.

அக்கா களமசேரிப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அமிலம், சோதனைக் குழாய் எதுவும் கிடையாது. எல்லாம் கம்ப்யூட்டரில் போடும் கணக்கு. சுக்கின் காரத்துக்குக் காரணமான மூலக்கூறு நம் உடம்பிலுள்ள ஒரு புரதத்தில் எப்படிப் போய் ஒட்டுகிறது என்று அவள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆய்வேடு இல்லை. ஏற்கெனவே ஒருமுறை தவணை நீட்டியாயிற்று. சூப்பர் கம்ப்யூட்டர் எங்கோ வடக்கே இருந்தது. அதன் முன்னால் நாடே வரிசையில் நின்றது. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்த நானோ, மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கின் மாடியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கிறவன். காக்கநாட்டு ஆபீஸ்கள் கழித்துப்போட்ட பெட்டிகள் என்னிடம் குவிந்து கிடந்தன. அவற்றைக் கேபிளால் கோத்து ஒன்றாக ஓடவிடலாம் என்றாள்.

"கீழ மூட்ட மூட்டயா சுக்கு கெடக்கு. ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாத்தா தெரியாதாக்கா?"

"நீ வாயப் பூட்டிட்டு வயரக் குத்துடா."

சின்ன மூலக்கூறுகளுக்கு எங்கள் பெட்டிக் கூட்டம் ஜோராக ஓடியது. சுவரோரம் அடுக்கிய பெட்டிகள் சூடாகாமலிருக்க ஃபேனை அவற்றின் பக்கம் திருப்பிவிட்டு, அக்கா வியர்வையில் உட்கார்ந்திருப்பாள். புரதத்தையும் சேர்த்ததும் கணக்கு ஊர்ந்தது. நான் வீறாப்பாக இன்னும் சில பெட்டிகளைக் கோத்தேன். வேகம் இன்னும் குறைந்தது.

அக்கா ஜன்னல் வழியே, கீழே மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர்களைக் காட்டினாள். "ஆளுக்கொரு மூட்டன்னா எத்தன பேர் வந்தாலும் லாபம். ஒரே பாரத்த எல்லாரும் சேந்து தூக்கணும்னா, அடிக்கு அடி ஒருத்தர ஒருத்தர் கேக்கணும்டா. நம்ம கேபிள்ல அந்தச் சத்தம் போய்ச் சேரவே நேரம் போகுது. சூப்பர் கம்ப்யூட்டர்ல கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள போயிடும்."

ஆய்வேடு கொடுக்க வேண்டிய கடைசி நாளும் போனது, கணக்கு பாதியில் நிற்க. அதற்கப்புறம் ஒரு மத்தியானம், சூப்பர் கம்ப்யூட்டரில் அவள் முறை வந்துவிட்டதென்று போனில் செய்தி வந்தது. படித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"வாடா, ஒரு சாயா குடிக்கலாம்."

கடையைப் பாதி சாத்திவிட்டு அவள் பின்னால் இறங்கினேன்.

இப்போது அவள் காக்கநாட்டில் வேலை பார்க்கிறாள், வேதியியலுக்குச் சம்பந்தமில்லாத வேலை. பெட்டிகளைப் பழைய சாமான்காரர் கொண்டுபோய்விட்டார். போன வாரம் கடைக்கு வந்தவள் ஃபேனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"யாருக்குடா வீசுது இது?"

"கழுத்து திரும்ப மாட்டேங்குதுக்கா."

பைகளைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். திரும்பவில்லை.