கார்டில் ஒரே ஒரு படம்

இது நடந்தது. நம்பாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம், உங்களிடம் கெஞ்ச எனக்குத் தேவையில்லை. நானும் யாரையும் லேசில் நம்புகிறவன் இல்லை. அதுவும் இந்த விஷயத்தில் பொய் சொன்னவனே நான்தான்.

பேர் நூர்முகமது. படிப்பு மூன்றாம் வகுப்பு. மாமல்லபுரம் கடற்கரையில் முப்பத்தெட்டு வருஷமாகப் போட்டோ பிடிக்கிறேன். முன்பு ஃபிலிம், இப்போது டிஜிட்டல். கேமரா பேசுகிற நாலைந்து இங்கிலீஷ் வார்த்தை தெரியும். எல்லார் கையிலும் போன் வந்த பிறகு என்னைச் சீந்துவார் இல்லை.

போன மாசியில் ஒரு ஞாயிறு. நாவலூரிலிருந்து ஜானகிராமன் என்பவர் மகள் வைஷாலியோடு வந்திருந்தார். அவள் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. இல்லையென்றால் என்னிடம் ஏன் வரப்போகிறாள்? அப்பா சுண்டல் வாங்கப் போயிருந்தார். கோயில் கோபுரம் படத்தில் முழுசாக விழவேண்டும் என்றால் ஆள் தண்ணீர் ஓரத்தில் நிற்க வேண்டும். எங்கள் தொழிலில் எல்லாரும் செய்வதுதான். "ரெண்டடி பின்னாடி போம்மா," என்றேன். போனாள். அமுக்கினேன். மணி 5.42.

கேமராவிலிருந்து கண்ணை எடுத்தேன். ஆள் இல்லை. அலைதான் இருந்தது.

மறுநாள் காலை கொக்கிலமேட்டுக் கரையில் ஒதுங்கினாள்.

போலீஸ்காரரிடமும் சொன்னேன், அவள் அப்பாவிடமும் சொன்னேன்: "கார்டு எரர் சார். படம் எதுவும் வுழல." நான் பின்னால் போகச் சொன்னது யாருக்கும் தெரியாது. தெரிந்தால் லைசென்ஸ் போகும். ஜெயில்கூட வரும்.

செவ்வாய்க்கிழமை ஜானகிராமன் போன் செய்தார். கெட்டுப்போன கார்டிலிருந்தும் படத்தை மீட்டுவிடுவார்களாம், அவர் ஆபீஸில் ஆட்கள் இருக்கிறார்களாம். அவளுடைய கடைசிப் படம், ஞாயிறு வந்து கார்டை வாங்கிக்கொள்கிறேன் என்று அழுதார். தொலைந்துவிட்டது என்றால் சந்தேகம் வரும். காலி செய்துதான் கொடுக்க வேண்டும். தகப்பனுக்கு மிச்சம் அது ஒன்றுதான். தெரிந்தேதான் செய்தேன்.

புதன், பகல் 3.10. அழிக்கிற பொத்தானை அமுக்கினேன். முடியாது, பூட்டியிருக்கிறது என்றது. கார்டை வெளியே எடுத்துப் பார்த்தேன். அதன் ஓரத்தில் இருக்கிற சின்னப் பூட்டு திறந்துதான் இருந்தது. கார்டின் மஞ்சள் முனைகளை ரப்பரால் தேய்த்தேன். மறுபடி போட்டு, எல்லாவற்றையும் மொத்தமாக அழிக்கிற ஃபார்மட் கொடுத்தேன். படம் இல்லை என்று வந்தது.

வியாழன், காலை 6.15. கேமராவைத் திறந்தேன். ஒரு படம் இருந்தது.

வைஷாலி. அதே சிரிப்பு. ஆனால் கணுக்காலில் இருந்த தண்ணீர் முழங்காலுக்கு வந்திருந்தது. ஓரத்தில் நேரம் 5.43.

நான் எடுத்தது ஒரே படம்...

மறுபடி ஃபார்மட். பகல் 1.00 மணிக்குப் பார்த்தால் இடுப்புவரை. 5.44.

வெள்ளிக்கிழமை செங்கல்பட்டு போனேன். கேமரா ரிப்பேர் பார்க்கிற சீனு கடை. "மேலாக்க அழிச்சா தோண்டி எடுத்துருவாங்க பாய். ஃபுல்லா தொடச்சாதான் போவும்," என்றான். பிறகு கண்ணடித்தான். "இன்னா பாய், இந்த வயசுல எதுனா வில்லங்கமான படமா?"

வேலையைப் பார் என்றேன். நாற்பது நிமிஷம் ஓடியது.

"சுத்தமா கீது. ஒண்ணும் கெடையாது."

திரும்பும் பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. 4.20. கேமராவைத் திறந்தேன்.

டிக்...

ஒரு படம்.

கழுத்துவரை தண்ணீர். 5.45. தலைமுடி நனையவே இல்லை. சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். இன்னும் போகட்டுமா என்று கேட்பதுபோல...

அதற்கப்புறம் நான் அதைத் தொடவில்லை.

ஞாயிறு, 11.20. ஜானகிராமன் வந்தார். உங்கள் கேமராவிலேயே ஒருதரம் போட்டுப் பார்க்கலாம் என்றார். கேமராவையும் கார்டையும் நீட்டினேன். அவரே போட்டார்.

டிக்...

ஒரு படம்.

வைஷாலி இல்லை.

நான்.

கடலுக்குள்ளிருந்து எடுத்த படம். தண்ணீர் மட்டத்திலிருந்து. கரையில் நான். ஒரு கையால் கேமராவைக் கண்ணில் வைத்து, மறு கையை நீட்டி, வாயைத் திறந்து...

வெகுநேரம் பார்த்தார். "இதுல என்ன சொல்லிட்டிருக்கீங்க?"

"பின்னாடி போவ சொல்றேன் சார்."

"எவ்வளவு?"

"ரெண்டடி."

அடிப்பார் என்று நின்றேன். அடிக்கவில்லை. கார்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தார். மகள் படம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. ஆபீஸ் ஆட்கள் தோண்டியும் இல்லை. நான் துடைத்தது துடைத்ததுதான்.

புதன், காலை 9.05. அவரிடமிருந்து போன். படமெடுத்த கேமராவின் நம்பர் படத்துக்குள்ளேயே பதிந்திருக்குமாம். உங்கள் கேமராவின் அடியில் இருப்பதைப் படியுங்கள் என்றார்.

ஒவ்வொன்றாகப் படித்தேன். ஏழு எண்கள்.

ஏழாவதை நான் சொல்லவில்லை. அவர் சொன்னார்.

போனை வைத்துவிட்டார்.

அந்தப் படத்தை எடுத்தது என் கேமரா.

அந்தப் படத்தில் அது என் கண்ணில் இருக்கிறது.