காகிதத்தில் ஐம்பத்து மூன்று

தெமோதரைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். ஷம்ரா என்று பெயர், பதுளைக்காரி. கையில் ஒரு கட்டு ஃபாரம், காலில் அட்டை கடித்த இரத்தம். ஒரே வரிசையில் இருக்கும் ஒவ்வொரு காம்பிரா வீட்டு வாசலிலும் நின்று ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"நோய் நொடி இல்லாம நூத்தம்பது வயசு வரைக்கும் இருக்க ஒரு மருந்து கண்டுபிடிச்சா, நீங்க குடிப்பீங்களா?"

கங்காணி மீசையைத் தடவிக்கொண்டார். காலையில் ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் நூறு பேருக்குக் கேட்கிற குரல் அவருக்கு. வீட்டு வாசலிலும் அது குறையாது. "குடிப்பேன் மகள். ஆனா நம்ம தோட்டத்துத் தொரைக்கு மட்டும் ஒரு போத்தல் குடுத்துறாதீங்க. அப்புறம் நான் குடிச்சு என்ன பிரயோசனம்?"

கடைக்கார ஸலீம் நானா தராசுத் தட்டைத் துடைத்தபடியே தலையாட்டினார். "வேணாம் புள்ள. நான் நூத்தம்பது வரைக்கும் ஈந்தா, எனக்கப் பொறகு கடை மகனுக்குண்டு செல்லி ஈக்கிறேனே, அவன் நூத்தி இருபது வயசிலயும் 'வாப்பா இன்னம் ஈக்கிறாரா'ண்டு எட்டிப் பாத்துக்கொண்டு ஈப்பான். பாவம்."

லதுஷா எல்லாருக்கும் கேட்கும்படிச் சொன்னாள்: "எங்க அத்தை குடிக்க மாட்டேன்னு எழுதிக் குடுத்தா, நான் இப்பவே குடிக்கிறேன்."

அந்த அத்தை அவளுக்குப் பின்னாலேயே உட்கார்ந்திருந்தார். முட்டிவரை சேலையைச் சுருட்டிக்கொண்டு, பேசினில் சுடுதண்ணீர் ஊற்றி, இரண்டு காலையும் உள்ளே வைத்திருந்தார். அவர்தான் குணமணிப் பெரியம்மா, லதுஷாவின் மாமியார்.

"எனக்கு வேணாம்மா," என்றார். "ஏற்கனவே எட்டு வருசம் மேல குடுத்துட்டாங்க. அதையே தூக்க முடியல."

ஷம்ரா பேனாவை நிறுத்தினாள். "வெளங்கல்ல. உங்கட வயசு எத்தன?"

"எது வேணும்? ஒடம்போட வயசா, காகிதத்து வயசா?"

குணமணிப் பெரியம்மா பிறந்தது லயத்துக் காம்பிராவில். அப்போது அவருடைய அப்பா ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்கு மாறிக்கொண்டிருந்தார்; பிறப்பைப் பதிய யாருக்கும் நினைப்பு வரவில்லை. எட்டு வருடம் கழித்து ஒரு தங்கை பிறந்தாள். அது ஆஸ்பத்திரியில் பிறந்தது, முறையாகப் பதிந்தார்கள். நல்லம்மா என்று பெயர். ஒன்றரை வயதில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். தேயிலை ஓரத்தில் புதைத்தார்கள். சாவைப் பதிய யாரும் போகவில்லை. பிறப்புப் பத்திரம் மட்டும் தகரப் பெட்டியில் கிடந்தது.

அதுவரை நாடற்றவர்களாக இருந்த எங்களுக்குப் பிரஜாவுரிமை கிடைத்து, தோட்டத்தில் எல்லாருக்கும் அடையாள அட்டை எழுதிய காலத்தில், மூத்தவளுக்குக் காட்ட ஒரு காகிதமும் இல்லை. அப்பா பெட்டியைத் திறந்தார். இருந்த பத்திரத்தை எடுத்து நீட்டினார். அன்று இருபத்து நான்கு வயதுக் குணமணி, பதினாறு வயது நல்லம்மாவாகப் தோட்டத்தில் பேர் பதிந்து, கொழுந்து பறிக்க மலைக்குப் போனார். அதற்கு முன்பு எட்டு வருடம் அம்மாவுக்குத் துணையாகக் கொழுந்து பறித்தது எங்கேயும் எழுதப்படவில்லை.

கல்யாணமான புதிதில் அது வேடிக்கையாகக்கூட இருந்ததாம். புருஷன் "என் சின்னப் பொண்டாட்டி" என்பாராம். அவர் போய்ப் பதினோரு வருடம் ஆகிறது. மகன் யதுர்ஷன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில். லதுஷாவுக்கு எல்ல என்ற ஊரில், வெள்ளைக்காரர் தங்கும் ஒரு விடுதியில் சமையல் வேலை. வீட்டில், தோட்டத்து வேலைப் பதிவில் பேர் உள்ளவர் பெரியம்மா ஒருவர்தான்.

எங்கள் தோட்டத்து நடைமுறை இது: அறுபது முடிந்து வேலைப் பதிவிலிருந்து பேர் வெட்டினால், காம்பிராவில் கடைசிவரை இருக்கலாம். நடுவில் நின்றுவிட்டால் காம்பிராவைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெரியம்மாவின் உடம்புக்கு அறுபத்தொன்று ஆகிவிட்டது. இரண்டு முட்டியும் போய்விட்டன. ஆனால் காகிதத்தில் ஐம்பத்து மூன்றுதான். இன்னும் ஏழு வருடம் மலை ஏறவேண்டும்.

"இளந்தாரிப் பொண்ணு மாதிரி ஏறு கொமரி! உனக்கு இன்னும் அறுவது ஆகலையே!" என்று கங்காணி தினமும் காலையில் கத்துவார். அவருக்கும் விஷயம் தெரியும். அவரும் பெரியம்மாவும் ஒரே வகுப்பில் சிலேட்டு உடைத்தவர்கள்; பேர் வெட்டிய பிறகும் கைக்காசுக்கு அந்த வேலையில் நிற்கிறார்.

எல்லாவற்றையும் கேட்ட ஷம்ரா ஃபாரத்தை மடியில் வைத்துவிட்டாள். "ஒரே வகுப்பா? அப்ப பள்ளிக்கூடத்து டாப்புல உங்கட பேரு ஈக்குமே! அத எடுத்துக்கொண்டு பதுளைக்கிப் போய்ப் பொறப்பப் பதியப் பாருங்களேன்."

முப்பத்தேழு வருடத்தில் யாருக்கும் தோன்றாத யோசனை. பிள்ளைகள் பேர் எழுதிய பழைய சேர்வு இடாப்பில் கரையான் தின்றது போக மிச்சமிருந்த பக்கத்தில், 'குணமணி, வயது ஆறு' என்று இருந்தது. தலைமை ஆசிரியர் பிரதி எடுத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை மாமியாரும் மருமகளும் ஸ்டேஷனுக்கு இறங்கினார்கள். வழியில் ஒரு வெள்ளைக்காரப் பாட்டி இரண்டு கையிலும் இரண்டு கம்பை ஊன்றி, சிரித்துக்கொண்டே மலை ஏறிவந்தாள். லதுஷா விடுதி இங்கிலீஷில் வயதைக் கேட்டாள்.

"எழுபத்தெட்டாம் அத்தே. நடக்குறதுக்குன்னே வந்திருக்காவாம்."

"வேல இல்லாமலா?"

"சும்மாதான்."

பெரியம்மா நின்று திரும்பிப் பார்த்தார். "அப்பிடின்னா நானும் அந்த மருந்தக் குடிப்பேன்," என்றார்.

பதுளைப் பதிவாளர் அலுவலகத்தில் இருந்தவர் இரகுநாதன் என்ற யாழ்ப்பாணத்து ஐயா. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு இடாப்புப் பிரதியை இரண்டு தரம் வாசித்தார்.

"இது நல்ல ஆதாரம் அம்மா. இதை வைச்சு உங்களுக்குப் பிறப்புப் பதியலாம்."

லதுஷா அத்தையின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"ஆனா ஒரு சிக்கல் கிடக்கு," என்றார் அவர். "நீங்கள் குணமணி எண்டா, நல்லம்மா சின்னதிலயே செத்திட்டா எண்டு சத்தியக் கடதாசி குடுக்கோணும். அப்ப உங்கட அடையாள அட்டை, முப்பத்தேழு வருசத் தோட்டச் சேவை, எல்லாம் செத்த பிள்ளையின்ர பேரில நிக்கும். இவ்வளவு காலமும் வேலை செய்தது ஆர் எண்டு கேப்பினம்."

"இவங்கதான ஐயா செஞ்சாங்க! இந்தக் கையப் பாருங்க!" என்றாள் லதுஷா.

"எனக்கு விளங்குது பிள்ளை. கடதாசிக்கு விளங்காதே. அதில செத்த ஆள் வேலைக்குப் போறா. உயிரோட இருக்கிற ஆள் இன்னும் பிறக்கேல்லை."

"பொறக்காததுக்கா ஐயா முட்டி இப்பிடி வலிக்குது?" என்றார் பெரியம்மா.

அவர் சிரித்துவிட்டார். பிறகு சிரித்ததற்கு வருந்தியவர் போல எழுந்து, தன் நாற்காலியை இழுத்துப் போட்டு அவரை உட்காரச் சொன்னார். "பேரை மாத்த வழக்குக்குப் போகோணும். முடியாது எண்டில்லை."

"ஏழு வருசத்துக்குள்ள முடிஞ்சிருமாய்யா?"

"அதைச் சொல்லேலாது அம்மா."

"முடியறதுக்குள்ள தோட்டத்துல நிறுத்திட்டா?"

இரகுநாதன் ஐயா சத்தியக் கடதாசியின் மாதிரி ஒன்றை மட்டும் முன்னே நகர்த்தினார். லதுஷா மெதுவாக வாசித்தாள்: எனது தங்கை நல்லம்மா என்பவர் குழந்தைப் பருவத்திலேயே இறந்துவிட்டார் என்று இத்தால் உறுதிப்படுத்துகிறேன்.

பெரியம்மா பேனாவை வாங்கினார்.

"அம்மா மலைக்குப் போனா நாந்தான் அவள இடுப்புல வச்சிருப்பேன்," என்றார், யாரிடமும் இல்லாமல். "கனமான புள்ள. இந்தப் பக்கம் எலும்பே தேஞ்சு போச்சுன்னு அம்மா ஏசும். கடைசி ரெண்டு நாளு காத்து மாதிரி ஆயிருச்சு."

பேனாவை மேசையில் வைத்தார். "வேணாம்யா. இவ்வளவு காலம் அவ பேரச் சொல்லித்தான் கஞ்சி குடிச்சேன். இப்ப அவ செத்துட்டான்னு எழுதிக் குடுத்து, வீட்டையும் விட்டுட்டு நிக்கிறதா?"

திரும்பி வரும்போது லதுஷா ரயிலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். "வழக்குப் போட்டுத்தான் பாத்திருக்கலாம்ல அத்தே?"

"கோட்டுக்கு நடக்குற நடைக்கு மலைக்கே நடந்துருவேன். அங்க வழியாச்சும் தெரியும்."

ஸ்டேஷனிலிருந்து லயத்துக்கு ஏற வழக்கமாக அரை மணி நேரம். அன்று ஒன்றேகால் மணி நேரம் ஆனது.

மறுநாள் காலை பெரட்டில் கங்காணி ஆரம்பித்தார். "எங்க கொமரி நேத்து காணோம்?"

"பொறக்கப் போனேன். எடம் இல்லேன்னுட்டாங்க."

கங்காணி அன்று அவரைத் தட்டையான மலைக்கு அனுப்பினார். அதற்கடுத்த நாள் யாரோ துரையிடம் சொல்லிவிட, மறுபடியும் செங்குத்து மலைதான்.

இரண்டு வாரம் கழித்து, மேல் லயத்துக்கு ஃபாரம் நிரப்ப வந்த ஷம்ராவைப் பெரியம்மா கைதட்டிக் கூப்பிட்டார். கால் இரண்டும் வழக்கம்போல பேசினில்.

"அன்னைக்கு என் ஃபாரத்துல வேணாம்னுதான எழுதின? அத வெட்டிட்டு வேற எழுதணும்."

"அப்ப நூத்தம்பதா?" ஷம்ராவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. பதுளையில் காரியம் பலித்துவிட்டது என்று நினைத்தாள்.

"எழுவதுன்னு எழுது."

"எழுவதா? இப்பவே அறுவத்தொண்டு தானே?"

"அறுவத்தெட்டு வரைக்கும் மலை. அப்பத்தான் காகிதத்துல அறுவது. பேர வெட்டுவாங்க. காம்பிராவும் நமக்குத்தான்." பெரியம்மா விரல் விட்டுப் பார்த்துக்கொண்டார். "அதுக்கப்புறம் ஒரு ரெண்டு வருசம், காலை நீட்டி உக்கார."

"ரெண்டே ரெண்டு வருசமா?"

"சும்மா உக்காந்து பழக்கமில்ல புள்ள. நெறைய கேட்டா முதுகு வலிக்கும்."

ஷம்ரா ஃபாரக் கட்டுக்குள் தேடி அந்த ஃபாரத்தை எடுத்தாள். 'வேண்டாம்' என்பதை வெட்டினாள். பக்கத்தில் எழுபது என்று எழுதி, பெரியம்மா பார்ப்பதற்காகத் திருப்பிக் காட்டினாள்.

பெரியம்மா பார்த்துத் தலையாட்டிவிட்டு உள்ளே குரல் கொடுத்தார். "லதுஷா, தண்ணி ஆறிப் போச்சு. கொஞ்சம் சுடுதண்ணி ஊத்து. நாளைக்கும் செங்குத்து மலைதானாம்."