பதினோரு நாள் பூட்டாத வீடு

செம்பூர் வீட்டில் குழாய் உள்ளேயே இருக்கிறது. திறந்தால் தண்ணீர். வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அம்மா இதைச் சொல்லிச் சொல்லிப் பூரிக்கிறாள். எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்றால் பொய். ஆனால் குடிவந்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது, எதிர்வீட்டில் என்ன சமைக்கிறார்கள் என்று எனக்கு இன்னும் தெரியாது. தாராவியில் எங்கள் சந்தில் ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் பதினெட்டு வீடும் சேர்ந்து தும்மும்.

அதை நாங்கள் யாரும் சந்து என்று சொன்னதில்லை. 'ஊர்' என்றுதான் சொல்வோம். மாட்டுங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பினாலும் "ஊருக்கு வந்தாச்சு" என்போம். அசல் ஊர் திருநெல்வேலிக்குத் தெற்கே எங்கேயோ இருந்தது. நான் அதை இரண்டே தரம்தான் பார்த்திருக்கிறேன். கொசு கடித்தது ஞாபகம் இருக்கிறது, அவ்வளவுதான். எனக்கு ஊர் என்றால் இந்தப் பதினெட்டு வீடு.

நான் பள்ளிப்படிப்பை முடித்துவிட்டுக் கல்லூரி திறக்கக் காத்திருந்த மழைக்காலம் அது. தோல் பதனிடும் கிடங்கில் வெள்ளம் புகுந்து வேலை நின்று மூன்று வாரம். சந்தில் பாதி ஆண்களுக்கு அங்கேதான் பிழைப்பு. ரேஷனில் அரிசி வந்தால் அதிசயம். கோதுமையும் சிவப்புச் சோளமும்தான். அதையும் வேகவைக்க வேண்டுமே! எல்லார் வீட்டிலும் தூள் அடுப்பு. தகர டின்னுக்குள் நடுவில் ஒரு பாட்டிலை நிறுத்தி, சுற்றிலும் மரத்தூளை இடித்து இறுக்கி, பாட்டிலை உருவிவிட்டுக் கீழே கொளுத்தினால் நாலு மணி நேரம் நின்று எரியும். தூள் நனைந்தால் வெறும் புகை. அந்த மழையில் காய்ந்த தூள் ஒரு கூடை கிடைத்தவன் ராஜா.

அடுத்த வீட்டு அக்கா அப்போது நிறைமாதம். அவள் புருஷனை நான் அத்தான் என்பேன். அத்தானின் அப்பா தவறிவிட்டதாகத் தந்தி வர, அவர் மெயிலில் ஏறிப் போய்விட்டார். பிரசவத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்ற நம்பிக்கை. ஐந்தாம் நாள் காலையிலேயே அக்காவுக்கு வலி எடுத்துவிட்டது.

முழங்கால் தண்ணீர். டாக்ஸி வராது. தோல்பெட்டி செய்கிற பாய் தன் பட்டறைக் கைவண்டியைக் கொடுத்தார். அவர் மனைவியை நாங்கள் எல்லாரும் லாத்தா என்போம். லாத்தா ஏறி உட்கார்ந்து அக்காவைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டாள். வண்டி நகரும்போது அக்கா வலியோடு தலையைத் தூக்கிச் சொன்னாள்:

"வீட்டப் பூட்டிராதீங்க. ஆளு இல்லன்னு எழுதிருவானுவ."

அவள் பயம் எங்களுக்குப் புரிந்தது. முனிசிபாலிட்டி ஆள் வீடு வீடாக வந்து நம்பர் போட்டுக்கொண்டிருந்த சமயம். பூட்டிக் கிடந்தால் நம்பர் கிடையாது. நம்பர் இல்லாத குடிசையைத்தான் முதலில் உடைப்பார்கள் என்று பேச்சு. பின்னால் இருந்த சந்தில் ஒரு குடும்பம் ஊருக்குப் போயிருந்தபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள். அந்த முனிசிபாலிட்டி ஆள் 'காலி' என்று எழுதிக்கொண்டு போய்விட்டான். உண்மையைச் சொன்னால் இப்படித்தான் ஆகும் என்று எங்கள் ஊர் முடிவு கட்டியிருந்தது.

எதிர்வீட்டு மைனிதான் வழி சொன்னாள். "பூட்டலன்னா மட்டும் போதுமாட்டி? வீடுன்னா பொக வரணும். பொக வந்தா உள்ள பொம்பள இருக்கான்னு அர்த்தம்."

அக்கா வீட்டு அடுப்பைப் பற்றவைத்தோம். ஆளுக்கு ஒரு படி காய்ந்த தூள் கொண்டுவந்தார்கள். ஒரே அடுப்பில் ஒரு வீட்டுப் பானை இறங்கியதும் அடுத்த வீட்டுப் பானை ஏறியது. இரண்டு நாளில் அதுவும் மாறி, பெரிய பானை ஒன்றை வைத்து எல்லார் வீட்டுக் கோதுமைக் குருணையையும் ஒன்றாகப் போட்டுக் கஞ்சி காய்ச்சினோம். தூளும் மிச்சம், கஞ்சியும் நல்ல ருசி. பட்டினி கிடக்க வேண்டிய வாரத்தில் ஊரே ஒரு வீட்டில் சாப்பிட்டது. அக்கா வீட்டில் பக்கவாட்டில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. வெளிச்சத்துக்காக நான் அதன் கீழ் சாக்கை விரித்துப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவேன். கஞ்சி கொதிக்கும், பெண்கள் வாய் ஓயாமல் யாரையாவது கேலி செய்வார்கள். ஒரு பக்கம் படிப்பதற்குள் ஒன்பது தரம் சிரிப்பேன்.

சும்மா இருக்க எனக்கு வராதே! நோட்டில் கோடு போட்டு யார் எந்த வேளை என்று முறை எழுதி ஜன்னல் பக்கத்தில் ஒட்டினேன். அந்த ஆள் வந்தால் மைனிதான் வீட்டுக்காரியாக நிற்க வேண்டும் என்று தீர்மானித்தேன். அவளுக்கும் அக்காவின் உயரம், அக்காவின் வயசு. அத்தானின் முழுப்பெயரையும் அவர் அப்பா பெயரையும் ரேஷன் அட்டையைப் பார்த்து மைனிக்குப் பாடம் நடத்தினேன்.

"கேட்ட ஒடனே சொல்லணும் மைனி. முழிக்கக் கூடாது."

"எம் புருசன் பேரத்தான் நா வாயால சொன்னதில்ல. அடுத்தவ புருசன் பேரச் சொல்லதுக்கு எனக்கென்னட்டி வெக்கம்? மைக்கு வச்சுச் சொல்லுதேன், பாரு!"

பானையைச் சுற்றி இருந்தவர்கள் சிரித்து விழுந்தார்கள். நானும் சிரித்தேன். யோசிக்கவில்லை.

அக்கா ஆஸ்பத்திரிக்குப் போன ஆறாம் நாள் முனிசிபாலிட்டிக்காரர் வந்தார். குடையும் பெரிய ரிஜிஸ்டருமாக ஒரு நடுவயது மராத்திக்காரர்; பின்னால் பெயின்ட் டப்பாவோடு ஒருத்தன். எதிர் வரிசையை விட்டுவிட்டு எங்கள் வரிசையாக வந்தார். அக்கா வீட்டு வாசலில் மைனி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். புகை அருமையாக வந்துகொண்டிருந்தது.

இந்தியில் கேட்டார், வீட்டுக்காரர் பெயர் என்ன என்று.

மைனி சொன்னாள். முழுப்பெயர், அப்பா பெயர், ஜில்லா. மூச்சு விடாமல்.

அவர் எழுதப்போன பேனாவை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.

"காலையிலிருந்து இந்தச் சந்தில் எட்டு வீடு பார்த்தேன். ஒரு அம்மாவும் புருஷன் பெயரைச் சொல்லவில்லை. ஒருத்தி சிரித்தாள். ஒருத்தி பையனைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னாள். ஒருத்தி ரேஷன் அட்டையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். நீ மட்டும் பள்ளிக்கூடத்தில் ஆஜர் சொல்கிற மாதிரி சொல்கிறாய். இது யார் வீடு?"

மைனிக்கு இந்தி அரைகுறை. ஆனாலும் புரிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் என் பள்ளிக்கூட இந்தியில் உண்மையைக் கொட்டினேன். ஆஸ்பத்திரி, தந்தி, எல்லாம். அவர் கோபப்படவில்லை, அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது. "முதலிலேயே இதைச் சொல்லியிருக்கலாமே. இப்போது நான் எதை நம்புவது?" பென்சிலால் ஏதோ குறித்தார். "நாளைக்குப் பத்து மணிக்கு வருவேன். வீட்டுக்காரி வரணும். இல்லை, ஆஸ்பத்திரி முத்திரையோடு காகிதம் வேணும், புருஷன் பெயர் போட்டு. ரெண்டும் இல்லையென்றால் காலி என்று எழுதுவேன்."

அவர் போனதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்காவுக்கு வீடு போனால் அதற்கு நான்தானே காரணம்? மைனி என் தலையில் ஒரு தட்டு தட்டினாள்.

"எதுக்குட்டி அழுத? நீ நல்லாத்தான் சொல்லிக்குடுத்த. நாந்தான் ரொம்ப நல்லாப் படிச்சிட்டேன்."

அன்று என்னை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த விதம் இருக்கிறதே! ஒரு வீட்டிலிருந்து குடை. ஒரு வீட்டிலிருந்து அறுந்துபோகாத செருப்பு. "இங்கிலீசுல பேசப் போறா, இந்த ஜம்பரோடயா போவா?" என்று ஒருத்தி பெட்டியைத் திறந்து தன் நல்ல ரவிக்கையை எடுத்துக் கொடுத்தாள், எனக்கு அது தொளதொளவென்றிருந்தது, முதுகில் இரண்டு ஊக்குக் குத்திச் சரிபண்ணினார்கள். லாத்தா கஞ்சித் தூக்கை எடுத்துக்கொண்டு கூட வந்தாள். வழியெல்லாம் தண்ணீருக்குள் எங்கே பள்ளம் என்று அவளுக்கு மனப்பாடம்.

வார்டில் ஒரு மலையாளி நர்ஸ். ரிஜிஸ்டரைத் திருப்பிக் காட்டினாள். புருஷன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோடு.

"நானும் கேட்டுக் கேட்டு மடுத்து, அலுத்துப் போச்சு. ஒண்ணும் சொல்ல மாட்டா. கூட வந்தவங்களுக்கும் தெரியல."

லாத்தா தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கு அத்தானைத் 'தம்பி' என்றுதான் தெரியும். நாலு வருஷமாகத் தம்பி. அதற்கு மேல் ஒரு பெயர் எதற்கு?

நான் சொல்கிறேன் என்றேன். நர்ஸ் ஒப்பவில்லை. நோயாளியே சொல்ல வேண்டும். கட்டிலுக்குப் போனோம். அக்காவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல், கண்ணெல்லாம் சிவப்பு. பக்கத்தில் வெள்ளைத் துணியில் முகம் மட்டும் தெரிகிற ஒரு பெண்குழந்தை. விஷயத்தைச் சொன்னேன். அக்கா எழுந்து உட்கார முயன்றாள்.

"ஒரே ஒரு தரம் சொல்லுக்கா. வீடு போயிரும்."

அவள் வாயைத் திறந்தாள். உதடு அசைந்தது. நர்ஸ் பேனாவோடு குனிந்தாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி திறந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர்தான் வந்தது.

"எனக்கு வரமாட்டேங்குட்டி. நெனச்சா வருது. சொல்ல வரல."

நான் பொறுக்க மாட்டாமல் பெயரைச் சொல்லிவிட்டேன். "இதுதானா?" என்றாள் நர்ஸ். அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, அதற்குள்ளேயே தலையை ஆட்டினாள். ஒரு தரமில்லை, நாலைந்து தரம். நர்ஸ் சிரித்துவிட்டு எழுதினாள். முத்திரை வாங்க இன்னும் இரண்டு மணி நேரம் நின்றோம். காகிதத்தை லாத்தா காலியான கஞ்சித் தூக்குக்குள் போட்டு மூடி, தலையில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அக்கா வீட்டு வாசலில் பதினெட்டு வீட்டுப் பெண்களும் நின்றார்கள். யாரும் கூப்பிடவில்லை. அவர் காகிதத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் படித்தார்.

"பெயரை அவளே சொன்னாளா?"

மைனி என் இடுப்பில் குத்தினாள். ஆமாம் என்று சொல் என்று அர்த்தம். எனக்கு இனிமேல் பொய் சொல்லத் தெம்பில்லை.

"இல்லை சாப். அவளால் முடியவில்லை. நான் சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள்."

அவர் முகத்தில் முதல் தடவையாகச் சிரிப்பு. "அப்படியென்றால் அவள்தான் பெண்டாட்டி" என்று சொல்லிவிட்டுப் பெயின்ட் டப்பாக்காரனைப் பார்த்துக் கையசைத்தார். அவன் கதவில் வெள்ளை நம்பரை எழுதினான். முடித்ததும் மைனி அவனுக்கு ஒரு தம்ளர் கஞ்சி கொடுத்தாள். அவன் இன்னொரு தம்ளர் கேட்டான்.

பதினோராம் நாள் அக்கா வந்தாள், அதே கைவண்டியில். அத்தானும் முதல்நாள் வந்து சேர்ந்திருந்தார். கதவில் இருந்த நம்பரை அக்கா விரலால் தொட்டுப் பார்த்தாள். உள்ளே போனதும், "எவட்டி என் அம்மிய இந்தப் பக்கம் திருப்பிப் போட்டது? உப்புச்சாடி எங்க?" என்று ஒரே சத்தம். ஊர் அந்தச் சத்தத்தைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது. கிடங்கிலும் தண்ணீர் வடிந்து ஆட்களைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். அவரவர் பானையை, அவரவர் கரண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். சுவரில் நான் ஒட்டியிருந்த முறைக் காகிதத்தை அத்தான் கிழித்தெடுத்துக் குழந்தைக்கு விசிறினார்.

இதற்காகத்தானே அத்தனை பாடு? நான் துள்ளியிருக்க வேண்டும். துள்ளவும் செய்தேன். ஆனால் மறுநாள் மத்தியானம் பழக்கத்தில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அந்த ஜன்னலைத் தேடிப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது. உள்ளே அக்கா வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அடுப்பில் ஒரு சின்னச் சட்டி, ஒரு வீட்டுக்கு மட்டும் போதுமான சட்டி.

"யாரு?"

"நாந்தாங்க்கா."

"பெறவு வாட்டி," என்றாள் அக்கா, பிரியமாகத்தான்.

சரியென்று சொல்லிவிட்டு, கதவை இன்னும் கொஞ்சம் சாத்திவிட்டு வந்தேன்.