சாமந்தியும் கட்டுமரமும்: பிரித்தானிக்குப் புறப்படும் முன்

எழுபதுகளின் நடுப்பகுதி, ஒரு மாசி மாதம். என் கணவர் வேலைப் பயிற்சிக்காகப் பிரான்சின் மேற்குக் கடற்கரையான பிரித்தானிக்குப் போயிருந்தார். என்னையும் வரச் சொல்லிக்கொண்டே இருந்தார். தெரியாத ஊரில் ஏதாவது தப்பாகச் செய்து நாலு பேர் சிரித்துவிட்டால் என்ற பயத்தில் நான் செங்கல்பட்டை விட்டு அசையவில்லை. அவருடைய சக ஊழியரின் தங்கை ஆனிக், சிற்பங்கள் பார்க்க மாமல்லபுரம் வந்திருந்தாள். "ஊர் வழக்கமெல்லாம் அவளையே கேட்டுக்கொள்" என்று கணவர் எழுதினார்.

மாமல்லபுரம் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. காலைப் பேருந்தே நல்லது. வெயில் ஏறினால் பாறையில் கால் வைக்க முடியாது. வெறுங்கையோடு போகக் கூடாதென்று கை நிறைய மஞ்சள் சாமந்தி வாங்கியிருந்தேன். கண்டக்டர் கிண்டல் செய்யாமல் விடவில்லை.

"இன்னாம்மா, கடையவே தூக்கிகினு வந்துட்டியா?"

விடுதி வாசலில் பூவை நீட்டியதும் ஆனிக்கின் முகம் மாறியது. பிறகு மெல்ல ஆங்கிலத்தில் சொன்னாள்: "ராஜம், எங்கள் ஊரில் இதைக் கல்லறைக்குத்தான் கொண்டுபோவோம்."

எனக்குக் காதெல்லாம் சுட்டது. முதல் அடியிலேயே இப்படியென்றால் அங்கே போய் எப்படிக் குப்பை கொட்டுவது? போவதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். (பிரித்தானி போகிறவர்களுக்கு: விருந்துக்கு அழைத்தால் சாமந்தி வேண்டாம், வேறு பூ கொண்டுபோங்கள்.)

பிறகு கடற்கரைக் கோயில் பக்கம் நடந்தோம். மணலில் கிடந்த கட்டுமரத்தை ஆனிக் செருப்புக் காலோடு தாண்டினாள். வலை பிரித்துக்கொண்டிருந்த பெண் துள்ளி எழுந்தாள்.

"ஏ வெள்ளக்காரம்மா! மரத்தத் தாண்டுற? கடலுக்குப் போற மரம்மா அது! செருப்பு வேற!"

நான் மொழிபெயர்த்தேன். ஆனிக் கூனிக் குறுகவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வந்து, மரத்தைத் தொட்டு மன்னிப்புக் கேட்டாள். தன் அப்பாவும் மீன்பிடிப்பவர்தான், அவர் படகில் 'முயல்' என்ற சொல்லைக்கூட யாரும் சொல்லக் கூடாது, சொன்னால் படகுக்கு ஆகாது என்றாள்.

"மொயலா?" அந்தப் பெண், கன்னியம்மா, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மொயலு இன்னா பண்ணும் பாவம்! சரி, குந்து. வறுத்த மீன் கீது, துன்னுட்டுப் போ."

நான் சைவம். வெறும் மோர் கொடுத்தாள். ஆனிக் விரலைச் சுட்டுக்கொண்டு மீன் தின்றாள். திட்டு வாங்கிய இடத்திலேயே அவள் சப்பணமிட்டு உட்கார்ந்து சிரித்ததைப் பார்க்கப் பார்க்க, எனக்குள் ஏதோ இளகியது. தப்புச் செய்தால் தலை போய்விடாது. பேருந்து ஏறும்போது, "உங்கள் ஊருக்கு வருகிறேன்" என்று அவளிடம் சொன்னேன்.

சித்திரையில் போய்ச் சேர்ந்தேன். போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். கோடையிலும் மழைக்கோட்டு வேண்டும். கடல் வெகுதூரம் உள்வாங்கி, சட்டென்று திரும்பும். அது திரும்பும் நேரம் கேட்காமல் இறங்காதீர்கள். சைவக்காரர்கள் இறைச்சியும் முட்டையும் இல்லாமல் என்று சொல்லிக் கேட்டால், நம் தோசை போன்ற 'கலெத்' கிடைக்கும். சாப்பிடும்போது கையை மடியில் வைக்காதீர்கள், மேசைமேல் இருக்கட்டும்.

முதல் வாரம் ரொட்டிக் கடைக்குத் தனியாகப் போனேன். மனப்பாடம் செய்திருந்தபடி "ஒரு ரொட்டி" என்றேன். கடைக்கார அம்மாள் அசையவில்லை. "போன்ஷூர்" என்றார், அழுத்தமாக. முதலில் வணக்கம் சொல்லாமல் அங்கே எதையும் கேட்கக் கூடாதாம். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஓடவில்லை.

"போன்ஷூர்" என்றேன். அப்புறம் ரொட்டி கேட்டேன். இன்னும் சூடாக இருந்தது.