மின்னலில் கழுவிய தண்ணீர்

இந்த நாட்டில் கழிப்பறைக்குப் பக்கத்திலுள்ள குழாயிலும் வாயை வைத்துத் தண்ணீர் குடிக்கிறார்கள். நெதர்லாந்துக்கு வந்த முதல் வாரத்தில் இதைக் கண்டு நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நான் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடிப்பதைக் கண்ட ஹான்ஸ், எங்கள் ஆய்வுகூடத்து மூத்தவர், உடம்புக்கு முடியவில்லையா என்று அக்கறையாகக் கேட்டார். நன்றாகத்தான் இருக்கிறேன் என்றேன். அவர் நம்பவில்லை. இரண்டு நாள் எனக்குப் பாரமான வேலை எதுவும் தரவில்லை.

இத்தனைக்கும் எங்கள் வேலையே தண்ணீரைச் சுத்தப்படுத்துவதுதான். பிளாஸ்மா என்ற பெயரைக் கேட்டு யாரும் மிரள வேண்டாம். இரண்டு உலோக முனைகளுக்கிடையே பெரிய மின்னழுத்தம் கொடுத்தால் நடுவிலுள்ள காற்று உடைந்து ஊதா நிறத்தில் ஒளிரும். சித்திரை மாதப் பின்னேரங்களில் எங்கள் ஊரான நோர்வூட் மலைகளில் வெட்டுகிற மின்னலும் அதேதான். இங்கே அதைக் கண்ணாடிக் குவளைக்குள் அடக்கி வைத்திருக்கிறார்கள். அதைத் தண்ணீரின் மேல் படவிட்டால், அங்கே பிறக்கிற ஓசோனும் அதன் கூட்டாளிகளும் தண்ணீரில் கரைந்திருக்கும் சாயத்தையும் பூச்சிமருந்தையும் துண்டு துண்டாக உடைத்துவிடும். நீலச் சாயம் கலந்த தண்ணீர் கண்முன்னே வெளுத்ததை முதன்முதலாகப் பார்த்த அன்று நான் மத்தியானச் சாப்பாட்டையே மறந்துபோனேன்.

அப்போதுதான் எங்கள் தோட்டத்துப் பீலி நினைவுக்கு வந்தது. மலையிலிருந்து குழாய் வழியே வந்து கொட்டும் அந்த ஊற்றுத் தண்ணீரில்தான், தொழிலாளர் வரிசை வீடுகளான இரண்டு லயத்துச் சனமும் குடிப்பதும் குளிப்பதும். அதற்கு மேலேயுள்ள தேயிலை மலையில் புல்லுக்கு மருந்து அடிப்பார்கள். அப்பா முதுகில் டாங்கியைக் கட்டிக்கொண்டு மருந்தடித்துவிட்டு வந்து அந்தப் பீலியில்தான் கை கழுவுவார். பக்கத்தில் நின்று நான் வாய் கொப்பளிப்பேன். எங்களில் யாருக்கும் ஒன்றும் தோன்றியதில்லை. இப்போது அந்த லயத்தில் என் தங்கை செல்வி இருக்கிறாள், ஆறு மாதக் கைக்குழந்தையோடு. நினைத்தபோது பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் நோர்வூட் கொமினிகேசன் கடைக்குப் போன் எடுத்தால் செல்வி அங்கே காத்திருப்பாள். டிக்கோயாவிலிருந்து இங்கே வரவிருந்த நண்பனிடம் ஒரு போத்தல் பீலித் தண்ணீர் கொடுத்தனுப்பச் சொன்னேன். போத்தல் வந்தது. அளந்து பார்த்த ஹான்ஸ் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “இதை யாராவது சமைத்தார்களா?” என்று கேட்டார்.

அடுத்த ஞாயிறு செல்வியிடம் விசாரித்தேன். “நல்லாக் கொதிக்க வச்சி, கொஞ்சம் மல்லியும் போட்டுத்தாண்ணே குடுத்தேன். அந்தக் குளிர்ல பச்சத் தண்ணியவா குடிப்பீங்க?” என்றாள். அண்ணன் ஊர்த் தண்ணீருக்கு ஏங்கிப்போய்க் கேட்கிறான் என்று நினைத்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஹான்ஸ் தன் குறிப்பேட்டில் முதல் மாதிரிக்கு நேரே ‘கொத்தமல்லி’ என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாவது போத்தல் பச்சைத் தண்ணீராகவே வந்தது. அதில் களைகொல்லியின் சுவடு இருந்தது. பிளாஸ்மாவில் வைத்து எடுத்துத் திரும்பவும் அளந்தோம், சுவடே இல்லை. ஹான்ஸ் என் முதுகில் தட்டினார். எனக்குத்தான் சந்தோசப்பட முடியவில்லை. அந்த ஞாயிறு போனில் செல்வியிடம் அளவு, வரம்பு என்று வளைத்து வளைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“ஒரே வார்த்தையில சொல்லுங்கண்ணே. புள்ளைக்குக் குடுக்கலாமா, கூடாதா?”

கூடாது என்றேன். கொதிக்க வைத்தாலும் அந்த மருந்து போகாது என்றேன். அப்படியானால் எந்தத் தண்ணீரைக் கொடுப்பது என்று கேட்டாள். எங்கள் இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு குவளையைத்தான் சுத்தமாக்கும். அதற்கு வேண்டிய கரண்டை லயத்து வயர் தாங்காது. இவ்வளவு படித்தது எதற்கு என்று வெட்கமாக இருந்தது. கடைசியில், மருந்தடிக்கிற மலைக்கும் மேலே, காட்டு ஓரத்திலிருந்து குழாயை இழுக்க முடியுமா என்று கேட்டேன். அதற்குப் பிளாஸ்மா படித்திருக்கவே தேவையில்லை.

செல்வி அன்றைக்கே லயமெல்லாம் போய்ச் சொல்லிவிட்டாள். மறுநாள், வேலைக்குப் பெயர் கொடுக்கும் காலைப் பெரட்டில், பெண்கள் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு நின்றார்களாம். குழாயை மேலே கொண்டுபோவதாகத் தோட்டத்தை நடத்தும் துரை ஒப்புக்கொண்ட பிறகுதான் மலைக்கு ஏறினார்களாம். புதுக் குழாய் வந்ததும் மூன்றாவது போத்தல் வந்தது. அதில் மருந்து எதுவும் இல்லை. அன்று நான்தான் ஹான்ஸின் முதுகில் தட்டினேன்.

வருடக் கடைசியில் லீவில் ஊருக்குப் போனேன். தேயிலைக்கு மேலாக வளைந்து வளைந்து வந்த கறுப்புக் குழாயை முதலில் போய்த் தொட்டுப் பார்த்தேன். பிறகு வீட்டுக்குள் போய் உட்கார்ந்தேன். செல்வி ஹட்டன் கடையில் வாங்கிய, சீல் உடைக்காத தண்ணீர்ப் போத்தல் ஒன்றைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். பைப்புத் தண்ணீர் நல்லதென்று நான்தானே சோதித்துச் சொன்னேன் என்றேன்.

“எங்களுக்கு நல்லதுதாண்ணே. ஒங்களுக்கு ஒத்துக்கணும்ல.”

அவள் மடியில் குழந்தை அந்தப் பைப்புத் தண்ணீரைக் கோப்பையிலிருந்து பாதி குடித்து, பாதி சட்டையில் வடியவிட்டுக்கொண்டிருந்தது. நான் போத்தலின் மூடியைத் திருகினேன். செல்வியின் முகத்தில் நிம்மதி தெரிந்தது.